ஒரு ஸ்பூன் தண்ணீரின் இரட்டை வேலை

மும்பையின் செம்பூரில் ஒரு வீட்டில் டிசம்பர் மாதம் கேக்குக்காகச் செய்த சர்க்கரை ரோஜா, கேக் தீர்ந்த பிறகும் ஷோகேஸில் ஏறிப் பொங்கல் வரை விறைப்பாக நிற்கும். ஜூலையில் அதே கை, அதே டீஸ்பூன், அதே கிராஃபோர்டு மார்க்கெட் சாமான். காலையில் விரித்துவைத்த இதழ் மாலைக்குள் தொங்கிவிடும். வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுப்பவர்களுக்கு மாட்டுங்காவிலும் தாராவியிலும் இது வருடா வருடம் வரும் தலைவலி. பசை போதவில்லை என்பதுதான் முதலில் தோன்றும் விளக்கம். கூட ஒரு ஸ்பூன் பசைத்தூள் போடுவார்கள். மறுநாள் டப்பாவைத் திறந்தால் மாவு இறுகிக் கிடக்கும். தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். முந்தின நாள் இளக்கம், மறுநாள் இறுக்கம். நடுவே இருக்கவேண்டிய பதம் எங்கே நழுவியது?

ஐசிங் சுகர், கொஞ்சம் நீர், பசைத்தூள், துளி டால்டா. இவற்றைப் பிசைந்தால் கம் பேஸ்ட். கேக்கை மூடுகிற ஃபாண்டன்ட்டும் சர்க்கரை மாவுதான் என்றாலும் அது வெட்டும்வரை மெத்தென்றே இருக்கவேண்டும். கம் பேஸ்ட்டிடம் நாம் கேட்பது வேறு. அடியில் வைத்த காகிதத்தின் எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிதாகத் தேயவேண்டும், கிழியக்கூடாது, வளைத்த இடத்தில் நிற்கவேண்டும், பிறகு காய்ந்து விறைக்கவேண்டும். ஒரே மாவுக்கு இத்தனை நிபந்தனை.

அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ ஐசிங் சுகருக்கு, முட்டை வெள்ளைக்கரு வழியாகவோ நேரடியாகவோ, ஏறக்குறைய 110 மில்லிலிட்டர் நீர் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் நீர் அறை வெப்பநிலையில் 200 கிராம் சர்க்கரையை, சற்றுக் கூடுதலாகவும், கரைக்கும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கிவிடும். இந்த நிலைக்கு வந்ததைத்தான் பள்ளிப் பாடத்தில் தெவிட்டிய கரைசல் என்று படித்தோம். ஆக, நம் மாவில் கால் கிலோவுக்கும் குறைவான சர்க்கரைதான் பாகாகியிருக்கிறது. முக்கால் கிலோவுக்கு மேல் இன்னும் கரையாமல், கண்ணுக்குத் தெரியாத படிகத் துகள்களாகவே இருக்கிறது. எடையை விட்டுவிட்டு அவை அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால், மாவின் பருமனில் ஏறக்குறைய 65 சதவீதம் திடத்துகள். மீதிதான் இடுக்குகளை நிரப்பும் பாகு.

இந்த 65 என்ற எண் சாதாரணமானதல்ல. 1960-இல் ஜி. டி. ஸ்காட் என்பவர் எஃகுக் குண்டுகளைப் பாத்திரங்களில் கொட்டிக் குலுக்கி, அவை எவ்வளவு இடத்தை நிரப்புகின்றன என்று அளந்தார். அதே காலத்தில் லண்டனில் ஜே. டி. பெர்னாலும் இதே கேள்வியில் மூழ்கியிருந்தார். ஒரே அளவுள்ள குண்டுகளை ஒழுங்கின்றிக் கொட்டினால், எவ்வளவு குலுக்கியும் சுமார் 64 சதவீதத்துக்கு மேல் நிரம்பவில்லை. அந்த அளவை நெருங்கும்போது ஒவ்வொரு குண்டும் அக்கம்பக்கத்துக் குண்டுகளுக்கிடையே பூட்டப்பட்டுவிடுகிறது. ஐசிங் சுகரின் துகள்கள் உருண்டையும் அல்ல, ஒரே அளவும் அல்ல. அதனால் அவற்றின் எல்லை சரியாக அதே எண்ணாக இருக்காது. ஆனாலும் கம் பேஸ்ட் அந்த நெருக்கடியின் விளிம்பில் நிற்கும் பொருள் என்று புரிந்துகொள்ள இது போதும். விளிம்புக்கு இந்தப் பக்கம் மாவு வழியும். அந்தப் பக்கம் உதிரும்.

தாராவியில் இந்த விளிம்பைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடாவில், சக்கரத்தில் ஏறும் மண்ணுக்கும் இதே அமைப்புதான்: நெருக்கமான துகள்கள், இடுக்கில் நீர். விரல் அழுத்தினால் மண் வளைகிறது. விரலை எடுத்தால் வளைந்த இடத்திலேயே நிற்கிறது. ஓர் அளவு வரைக்கும் திடப்பொருளாக நடந்துகொண்டு, அந்த அளவைத் தாண்டி அழுத்தினால் திரவமாக ஓடுகிறது. அந்த அளவுக்கு ‘இணங்கெல்லை’ என்று பெயர் வைக்கலாம். அதற்குக் கீழே என்ன தள்ளினாலும் பொருள் அசையாது, மீறினால் இணங்கும். ரோஜா இதழ் தன் எடையைத் தானே தாங்கவேண்டுமானால் இந்த எல்லை போதிய உயரத்தில் இருக்கவேண்டும். பூரிக்கட்டைக்கு வழிவிடவேண்டுமானால் ரொம்ப உயர்ந்தும் விடக்கூடாது. பதம் என்று நாம் சொல்வது இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்தக் குறுகிய இடைவெளியைத்தான்.

மண்ணில் இல்லாத ஒரு சங்கடம் சர்க்கரையில் உண்டு. மண் நீரில் கரையாது. குயவர் கூடுதலாக ஒரு கை நீர் தெளித்தால் நீர் மட்டும்தான் கூடுகிறது. கம் பேஸ்ட்டில் ஒரு டீஸ்பூன் நீர் கூடினால், அந்த 5 மில்லி உடனே 10 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்கிறது. ஒரு ஸ்பூன் நீர் இரண்டு ஸ்பூனுக்கும் மேலான பாகாகிவிடுகிறது. கரைந்த சர்க்கரையின் அளவுக்குத் திடத்துகளும் குறைந்துபோகிறது. வழுக்க வைக்கும் பொருள் கூடுகிறது, தாங்கிப் பிடிக்கும் பொருள் குறைகிறது. விளிம்பில் நிற்கும் மாவுக்கு இந்த இரட்டை அடி தாங்காது. ‘கொஞ்சம்தானே விட்டேன், இப்படிக் குழைந்துவிட்டதே’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

சர்க்கரை பக்கம் இந்த இரட்டை விளைவு கிடையாது. தெவிட்டிய பாகில் 10 கிராம் தூள் சேர்த்தால், அது கரைய வழியில்லாமல் 10 கிராம் திடமாகவே நிற்கும். அதனால் அனுபவசாலிகள் நீரைக் கொண்டு பதம் பார்ப்பதில்லை. எடுத்துவைத்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தனியே நிறுத்திக்கொண்டு, கடைசியில் சிறிது சிறிதாகத் தூவிப் பிசைந்து இறுக்கத்தைக் கொண்டுவருவார்கள். கை அறிந்துவைத்திருக்கும் வழி இது. காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள், சொல்லவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

துகளும் பாகும் மட்டுமே இருந்தால் மாவு நிற்கும், ஆனால் நீளாது. தேய்த்தவுடன் பிளந்துவிடும். நீட்டிப்பு பசையிலிருந்து வருகிறது. ஐரோப்பாவில் இதற்கு முதலில் பயன்பட்டது டிராகாகாந்த் பிசின். ஈரான் பக்கத்து மலைச்செடிகளைக் கீறினால் வடிவது. நம் பாதாம் பிசினைப்போல நீரில் ஊறி உப்பும் வகை. 1555-இல் வெனிஸில் வெளியான அலெசியோ பியமொந்தேஸேயின் செய்முறைத் தொகுப்பில், இந்தப் பிசினையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைந்து தட்டு, கிண்ணம், பழ உருவங்கள் செய்யும் முறை இருக்கிறது. விருந்து முடிந்ததும் பாத்திரத்தையே கடித்துத் தின்னலாம் என்பது அன்றைய பணக்காரர்களின் வேடிக்கை.

இன்று மும்பையின் வீட்டுச் சமையலறைகளில் அந்தப் பிசினைக் காண்பது அரிது. முட்டை வெள்ளைக்கருவும் ஜெலட்டினும்கூட இங்கே பல வீடுகளில் ஆகாது. குஜராத்தி, ஜைனக் குடும்பங்களும் தமிழ் ஐயர் வீடுகளும் நிறைந்த மாட்டுங்காவில் ஆர்டர் கொடுப்பவரின் முதல் கேள்வியே “எக்லெஸ்தானே?” என்பது. ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவதால் பச்சைப் புள்ளிக்கு ஒத்துவராது. ஆகவே எல்லாப் பொறுப்பும் சிஎம்சி என்ற வெள்ளைத்தூளின் தலையில் விழுகிறது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்பது அதன் முழுப்பெயர். டைலோஸ் என்றும் விற்பார்கள். டப்பாவின் பின்புறம் 466 என்ற எண் இருக்கும்.

செல்லுலோஸ் வேறொன்றுமில்லை, பஞ்சும் மரக்கூழும்தான். பஞ்சு நீரில் கரையாததற்குக் காரணம், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக் கிடப்பது. நீர் நுழைய இடமில்லை. 1918-இல் ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காரத்தில் ஊறவைத்து, குளோரோஅசெட்டிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால், சங்கிலியில் ஆங்காங்கே எதிர்மின்னூட்டம் கொண்ட சிறு கிளைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால் சங்கிலிகள் பிரிந்து நிற்கின்றன. இடைவெளியில் நீர் புகுந்துகொள்கிறது. இந்தப் பொருளை நெசவாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் பயன்படுத்துகிறார்கள். பஞ்சாலைகளால் வளர்ந்த பம்பாயில், பஞ்சு கேக்கின் மேல் பூவாக ஏறி உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். ஆலைக்குப் போகும் ரகம் சமையலறைக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். உணவுத் தரத்துக்கு 99.5 சதவீதத் தூய்மை வேண்டும். தொழிற்சாலை ரகத்தில் தயாரிப்பின்போது உண்டான உப்புகள் மிஞ்சியிருக்கும். சில்லறையாகக் கட்டிக்கொடுக்கும் பெயரில்லாப் பொட்டலத்தை வாங்காமலிருப்பது நல்லது.

மாவின் நீர்ப்பங்கில் இந்தச் சங்கிலிகள் பரவிப் பின்னிக்கொள்ளும்போது பாகு கொழகொழப்பாகிறது, துகள்களின் இடுக்கிலிருந்து கசிந்து ஓடாமல் நிற்கிறது. மாவு உருண்டையை இரு கையால் மெல்ல இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுபடும். மெல்ல இழுக்கும்போது சங்கிலிகளுக்கு ஒன்றின்மேல் ஒன்று வழுக்க அவகாசம் கிடைக்கிறது, வேகமாக இழுத்தால் கிடைப்பதில்லை. கேக் கலைஞர்கள் பதம் பார்க்கும் சோதனையே இதுதான். மாட்டுங்காவில் 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கி, இப்போது வேதித் தொழில்நுட்பக் கழகமாக இருக்கும் நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பமும் ஒரு பாடம். அத்துறையினர் இதே சோதனையைக் கருவியால் செய்வார்கள். ஒரு தண்டு நிர்ணயித்த வேகத்தில் மாவை அழுத்தும் அல்லது இழுக்கும். எந்த விசையில் மாவு இணங்கியது என்பதைத் திரையில் கோடு காட்டும். கை உணர்வதை எண்ணாக மாற்றுவதன் லாபம், நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட முடிவதுதான்.

அந்த ஒப்பீட்டில் முதலில் தெரியவருவது, பசைக்கு நேரம் தேவை என்பது. சிஎம்சி தூள் நீரைக் கண்டவுடன் உப்பிவிடாது. அதுவும் சர்க்கரை மாவில், இருக்கிற நீரை முன்னமே சர்க்கரை பிடித்துவைத்திருக்கிறது. பசை அதனிடமிருந்து மெதுவாகப் பங்கு பெறவேண்டும், மணிக்கணக்கில் ஆகும். இரவு முழுக்க மூடிவைக்கச் சொல்வது அதற்காகத்தான். பிசைந்த கையோடு மாவு தளர்வாக இருப்பது இயல்பு. பசையின் பெரும்பங்கு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. அந்த நேரத்தில் அவசரப்பட்டு இன்னொரு ஸ்பூன் போட்டால், மறுநாள் இரண்டு ஸ்பூனும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். டப்பாவில் இறுகிக் கிடந்த மாவின் மர்மம் இவ்வளவுதான். தூளை ஈரத்தில் நேராகக் கொட்டினாலும் தொல்லை: கட்டியின் மேல்தோல் மட்டும் ஊறி நீரை உள்ளே விடாமல் அடைத்துக்கொள்ளும், நடுவில் வெறும் தூள் நிற்கும். முதலில் உலர்ந்த சர்க்கரையோடு கலந்துவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஊறும்.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. சிஎம்சியில் பல ரகம். ஒரு சதவீதக் கரைசலின் கெட்டித்தன்மை ரகத்துக்கு ரகம் பத்து மடங்கு, நூறு மடங்குகூட மாறும். கால் கிலோ ஃபாண்டன்ட்டைக் கம் பேஸ்ட்டாக்க ஒரு டீஸ்பூன் என்று பரவலாகச் சொல்லும் கணக்கு எந்த ரகத்துக்கு என்பதைச் செய்முறை சொல்வதில்லை. கடையை மாற்றினால் சிறிதளவு செய்து, ஒரு இரவு விட்டுப் பார்ப்பதே பத்திரம். எலுமிச்சைச் சாறு தாராளமாகப் பிழிவதும் வினை: அமிலம் கூடினால் சங்கிலியின் எதிர்மின்னூட்டங்கள் அடங்கிப்போய், பசையின் பிடி தளரும்.

மாவு பதமாக வந்துவிட்டது, இதழும் விரித்தாயிற்று. இனி காயவேண்டும். நீர் வெளியேற வெளியேற, பாகில் கரைந்திருந்த சர்க்கரை படிகமாகத் திரும்பி, துகளுக்கும் துகளுக்கும் இடையே பாலம் கட்டுகிறது. விறைப்பு அங்கிருந்து வருகிறது. இதழின் தடிமன் இரட்டித்தால் காயும் நேரம் இரட்டிக்காது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புவரை ஊர்ந்துவர வேண்டியிருப்பதுதான் காரணம். தடித்த பூவில் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே நிற்க, விரிசல் விழுகிறது. கும்பார்வாடாவில் பானையை நிழலில் மெதுவாகக் காயவிடுவதற்கும் இதே காரணம். ஆனால் பானை பிறகு சூளைக்குப் போகிறது. சூளையில் வெந்த மண் மறுபடி சேறாகாது. சர்க்கரை இதழுக்குச் சூளை கிடையாது. வெளியேறிய நீர் எந்த நேரமும் திரும்பி வரலாம்.

மும்பை ஜூலையில் அது திரும்பி வருகிறது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தொட்டும் தாண்டியும் நிற்கும். டிசம்பர், ஜனவரி பிற்பகல்களில் அதுவே 50-ஐ ஒட்டி இறங்கிவிடும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் ‘ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மங்கள்’ என்று ஒரு பகுதி வரும். சில பொருள்கள் காற்றிலுள்ள நீராவியை இழுத்து, அதிலேயே கரைந்து திரவமாகிவிடும். சர்க்கரையும் அந்தக் கூட்டம்தான். அதற்கென்று ஒரு வாசல் உண்டு, அவ்வளவுதான். 25 டிகிரியில் அது 85 சதவீத ஈரப்பதம். அதற்குக் கீழே சுத்தமான சர்க்கரைப் படிகம் உலர்ந்தே இருக்கும், மேலே போனால் கசியத் தொடங்கும். குடிபாட்வாவுக்கு மராட்டிய வீடுகளில் தொங்கும் காட்டி எனும் சர்க்கரை மாலை வெறும் சர்க்கரை. மார்ச், ஏப்ரலில் வருவது. அதற்கு ஈரத்தால் ஆபத்தில்லை.

கம் பேஸ்ட் அப்படியல்ல. விரிசல் விழக்கூடாதென்று லிக்விட் குளூக்கோஸ் சேர்க்கிறோம். சிலர் கிளிசரினும் விடுகிறார்கள். இரண்டு சர்க்கரைகள் கலந்தால், தனித்தனியே அவற்றுக்கிருந்த வாசல்களைவிடக் கீழேயே கலவை கசிய ஆரம்பிக்கும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனியாகவே 62 சதவீதம் போதும்; தேனோ அதுபோன்ற பாகோ சேர்ந்த மாவின் கதி என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். ஜூலையில் இதழ் தொங்குவது பசைக் குறைவால் அல்ல. படிகப் பாலங்கள் மறுபடி பாகாகக் கரைவதால். பசையும் ஈரத்தை உறிஞ்சும் பொருள்தானாகையால் கூடுதல் ஸ்பூன் இங்கே எதையும் காப்பாற்றாது.

இந்த வாசல்களை எப்படி அளந்தார்கள்? ஒரு பொருளைச் சுற்றி ஈரப்பதத்தை அசையாமல் நிறுத்தினால்தான் அளக்க முடியும். அதற்கு ஆய்வகங்கள் பயன்படுத்தும் தந்திரம் மிக எளிமையானது. மூடிய பாத்திரத்தில் தெவிட்டிய உப்புக்கரைசலை வைத்தால், உள்ளேயிருக்கும் காற்றின் ஈரப்பதம் ஒரே எண்ணில் நின்றுவிடும். சாப்பாட்டு உப்புக்கு 75, மெக்னீசியம் குளோரைடுக்கு 33. எந்த உப்புக்கு எவ்வளவு என்று அமெரிக்கத் தேசிய அளவியல் நிறுவனத்தின் லூயிஸ் கிரீன்ஸ்பான் 1977-இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் கரைசல் அதை வாங்கிக் கொஞ்சம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். குறைந்தால் நீரை விட்டுவிட்டு உப்பைப் படியவைக்கும். கரையாத உப்பு மிச்சமிருக்கும்வரை எண் மாறாது. இப்படிப் பல பாத்திரங்களில் ஒரே பொருளை வைத்து, நாள்தோறும் எடை பார்த்தால், எந்த எண்ணில் அது திடீரென்று கனக்கத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

சமையலறையிலும் செய்து பார்க்கலாம். காற்றுப் புகாத மூன்று டப்பாக்கள். ஒன்றில் சின்னக் கிண்ணத்தில் சேறாகும் அளவுக்கு நனைத்த உப்பு, இன்னொன்றில் சிலிக்கா ஜெல், மூன்றாவதில் வெறும் நீர். ஒவ்வொன்றிலும் இரண்டு காய்ந்த இதழ்கள்: குளூக்கோஸ் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. ஈரத்தில் படாமல் நிற்கவைத்து இரண்டு மூன்று நாள் விட்டால், சிலிக்கா டப்பாவில் இரண்டும் விறைப்பாக இருக்கும், நீர் டப்பாவில் இரண்டும் சரிந்துவிடும். நடுவே உப்பு டப்பாதான் பேசும். அங்கே இரண்டு இதழ்களும் எவ்வளவு விலகிப்போகின்றன என்பதைப் பார்த்தால், மழைக்காலத்துக்கு உங்கள் செய்முறையில் குளூக்கோஸை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று புரியும்.

மின்விசிறி மழைக்காலத்தில் கைகொடுக்காது. 85 சதவீத ஈரக்காற்றையே அது சுழற்றிச் சுழற்றி இதழ்மேல் கொண்டுவருகிறது. ஏசி உதவுவது குளிர்ச்சியால் அல்ல. அறைக்காற்றின் ஈரம் அதன் குளிர்ந்த குழாயில் நீராகப் படிந்து வெளியே சொட்டுகிறது. கட்டடச் சுவரில் ஒழுகும் அந்த நீர் முழுக்க அறையிலிருந்து பிடுங்கியது. ஃபிரிட்ஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜூலையில் மும்பைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எதன்மேலும் ஈரம் படியும். 4 டிகிரியிலிருந்து வெளியே வரும் பூ நிமிடங்களில் வியர்த்துவிடும். கிரீம் கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டுமென்றால், பூவைத் தனியே கொண்டுபோய் மேசையில் வைக்கும்போது செருகலாம்.

கொண்டுபோகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். நிறம் மாறும் வகையில் நீல மணிகளில் கோபால்ட் இருக்கும், உணவுப் பக்கம் வேண்டாம். ஆரஞ்சு மணிகளை வாங்கலாம், அதையும் பொட்டலத்தைப் பிரிக்காமல். மணிகள் பச்சைக்கு மாறிவிட்டால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது மட்டும் பிரித்து மணிகளைத் தட்டில் பரப்பி, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும்.